ராக் கச்சேரியை லைவ் ஆல்பமாக வெளியிடுவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

சென்னையில் சொந்தமாகத் தமிழ் ராக் பாடல்கள் எழுதி வாசிக்கும் ஐந்து பேர் நாங்கள். பாடுவது நான். எங்கள் பாடல்கள் ஸ்டுடியோவில் ஒரு மாதிரியும் மேடையில் வேறு மாதிரியும் இருக்கும். மேடையில் இருப்பதுதான் உண்மையான நாங்கள் என்பதால் லைவ் ஆல்பம் போட ஆசைப்பட்டோம். முதல் முயற்சியில் சவுண்டு மிக்ஸரிலிருந்து ஒரு பென் டிரைவில் கச்சேரி முழுவதையும் எடுத்தோம். வீட்டுக்கு வந்து கேட்டால் என் குரல் மட்டும் பூதாகரமாக நிற்கிறது, கிட்டார் எங்கோ தூரத்தில் கேட்கிறது. சின்ன ஹாலில் கிட்டார் ஆம்ப்பின் சத்தமே போதும் என்பதால் ஸ்பீக்கருக்கு அதைக் கொஞ்சமாகத்தான் அனுப்புவார்கள். பென் டிரைவில் விழுவது ஸ்பீக்கருக்குப் போகும் ஒலிதான். அதைச் சரிசெய்ய எந்த என்ஜினியராலும் முடியாது.

இரண்டாவது முறை எடுத்து வெளியிட்டோம். முடிவு செய்த நாளிலிருந்து வெளியான நாள்வரை 14 மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் ஏழு மாதத்தில் முடித்திருக்கலாம். மீதி ஏழு மாதமும் போனது கையெழுத்துக்கும் கடிதத்துக்கும் காத்திருந்ததில். அதனால் இதில் மைக்கைப் பற்றிச் சொல்லும் அளவுக்குக் காகிதத்தைப் பற்றியும் சொல்கிறேன். லைவ் ஆல்பத்தின் தலையெழுத்து கச்சேரிக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

1. எந்தப் பாடல்கள் ஆல்பத்தில் வரும்? (நான்கு மாதம் முன்பு)

சொந்தப் பாடல் என்றால் பிரச்சினை குறைவு. வரி எழுதிய நண்பர் பேண்டில் இல்லாதவர் என்றால் அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் மட்டும் வேண்டும்.

சினிமாப் பாட்டை ராக்காக மாற்றி வாசித்தால் கூட்டம் எழுந்து ஆடும், அதை ஆல்பத்தில் சேர்க்க கை துறுதுறுக்கும். இங்கே கவனம். ஹாலில் பாடுவதற்கு ஓர் அனுமதி, பாடியதைப் பதிவு செய்து விற்பதற்கு வேறோர் அனுமதி. முதலாவது, கச்சேரியை நடத்துபவர் ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் சங்கம்) அமைப்பிடம் வாங்கும் உரிமம். "எங்கள் ஹாலுக்கு லைசென்ஸ் இருக்கிறது" என்று நிர்வாகம் சொன்னால் நகல் கேளுங்கள். அந்த உரிமம் ஹாலின் வாசலோடு முடிந்தது, ஆல்பத்துக்குச் செல்லாது.

இரண்டாவது அனுமதிக்கு, பாடலின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் போக வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவில் கவர் பாடலுக்கு (ஏற்கெனவே வெளியான பாடலை வேறொருவர் பாடிப் பதிவு செய்வது) ஒரு வழி இருக்கிறது. பாடல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். இதற்கு மேல், உரிமையாளர் சம்மதிக்காத மாற்றம் எதையும் பாடலில் செய்யக் கூடாது. மெட்டை உடைத்து ராக்காக்கியவர்களுக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டதுதான். நாங்கள் நேரடியாக அனுமதி கேட்டு எழுதினோம். 11 வாரம் கழித்து வந்த பதிலில் இருந்த தொகை எங்கள் மொத்தச் செலவைவிட அதிகம்.

ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களில் பாட்டை ஏற்றித் தரும் சில ஆன்லைன் டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிறு கட்டணத்துக்குக் கவர் லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்வார்கள். அதைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். பொதுவாக அது அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கானது, இந்தியாவுக்குப் பொருந்தாது.

என் யோசனை: கவர் பாடலை மேடையில் தாராளமாகப் பாடுங்கள், ஆனால் கச்சேரியின் கடைசியில் வையுங்கள். நடுவில் பாடினால், ஆல்பத்தில் அதை வெட்டும்போது கைதட்டலும் பேச்சும் துண்டாகி ஒட்டாமல் நிற்கும்.

பாரதியார் வரிகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, அவை எல்லோருக்கும் பொது. ஆனால் மெட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும். படத்தில் வந்த மெட்டில் பாடினால் மறுபடியும் அனுமதிக் கதைதான்.

2. மேடை ஏறும் முன் கையெழுத்து (இரண்டு மாதம் முன்பு)

இந்த ஒரு படியை மட்டும் யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இந்தியச் சட்டப்படி மேடையில் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதன்மேல் தனி உரிமை உண்டு. அது 50 ஆண்டுகள் நிற்கும். நண்பன்தானே, பத்து வருடப் பழக்கம்தானே என்று விடக் கூடாது. எங்கள் கச்சேரியில் ஒரே ஒரு பாடலுக்கு விருந்தினராக ஒரு கிட்டார்காரர் வந்தார். அருமையாக வாசித்தார். மறு வாரமே வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். அவர் மனசில் எந்தத் தடையும் இல்லை, ஆனாலும் அந்தக் கையெழுத்து எங்கள் கைக்கு வர நான்கு மாதம் ஆனது. ஆல்பமே அதற்காகக் காத்திருந்தது.

ஒரு பக்க ஒப்பந்தம் போதும், தமிழிலேயே எழுதலாம். ஆனால் பலர் கோட்டை விடும் மூன்று விஷயங்கள் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

முதலாவது காலம். உரிமையை எத்தனை ஆண்டுக்கு எழுதித் தருகிறார் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆறாவது ஆண்டு மறுபடி அவரைத் தேடிப் போக வேண்டும்.

இரண்டாவது இடம். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றே பொருள். உங்கள் பாடல் ஆன்லைனில் டொராண்டோவிலும் கோலாலம்பூரிலும் கேட்கப்படும். "உலகம் முழுவதும்" என்று எழுதுங்கள்.

மூன்றாவது, எங்களுக்கே வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. எழுதி வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. லைவ் ஆல்பம் தாமதமாவது சகஜம் என்பதால் "ஓராண்டு நிபந்தனை இதற்குப் பொருந்தாது" என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் ஆல்பம் வெளிவர ஆன 14 மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

கூடவே வருமானம் எப்படிப் பிரியும் என்பதையும் சதவீதத்தில் எழுதிவிடுங்கள். ஆல்பத்தில் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் வர வேண்டும் என்றும் அதே தாளில் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோவும் எடுக்கிறீர்களா? அதையும் சேர்த்தே எழுதுங்கள். முத்திரைத்தாள் எவ்வளவுக்கு வேண்டும் என்று வக்கீலிடமோ பத்திர எழுத்தரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தாள் சவுண்டுக்காரருக்கு. பதிவின் உரிமை, அதை முன்னின்று பொறுப்பேற்று எடுத்தவருக்கு. அது நீங்கள்தான் என்றும், ஒரிஜினல் ஃபைல்கள் அன்றிரவே உங்களிடம் ஒப்படைக்கப்படும் என்றும் எழுதி வாங்குங்கள். வாடகை பாக்கிக்காக ஹார்ட் டிஸ்க் அடுத்தவர் கையில் மாட்டிக்கொண்ட பேண்டுகளை எனக்குத் தெரியும்.

3. ஹாலும் தேதியும்

மார்கழியை மறந்துவிடுங்கள், சென்னையில் நல்ல ஹால் எதுவும் கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் மழை. நாங்கள் ஜூலையில் வைத்தோம். 250 பேர் அமரும் ஹாலுக்கு வாடகை 25,000 ரூபாய்.

முடிந்தால் இரண்டு இரவு பதிவு செய்யுங்கள். டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் 'மேட் இன் ஜப்பான்' லைவ் ஆல்பம் 1972 ஆகஸ்ட் 15, 16, 17 தேதிகளில் ஒசாகாவில் இரண்டு இரவும் டோக்கியோவில் ஓர் இரவும் எடுத்த பதிவுகளிலிருந்து பொறுக்கியது. அவர்களுக்கே மூன்று இரவு தேவைப்பட்டது. இரண்டு இரவுக்குப் பணம் இல்லையா? எங்களுக்கும் இல்லை. அதே நாள் மதியம் ஆளில்லாத ஹாலில் எல்லாப் பாடல்களையும் முழுதாக ஒருமுறை வாசித்துப் பதிவு செய்யுங்கள். அது எங்கே கைகொடுக்கும் என்று ஆறாவது படியில் சொல்கிறேன்.

திறந்தவெளி என்றால் ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்குப் பிறகு போட முடியாது. மூடிய அரங்குக்கு அந்த இரவுத் தடை இல்லை, ஆனால் ஹாலின் சொந்த விதி இன்னும் கடுமையாக இருக்கலாம். காவல்துறைக்குக் கொடுக்க வேண்டிய கடிதம், கேளிக்கை வரி இரண்டையும் பற்றி ஹால் மேலாளரிடம் முதல் நாளே கேளுங்கள்.

முன்பணம் கட்டும்முன் கரண்டைப் பாருங்கள். லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி ஃபேஸ் கிடைக்குமா, எர்த்திங் சரியாக இருக்கிறதா, ஜெனரேட்டருக்கு மாறும்போது எத்தனை நொடி இருட்டு? கிட்டார் ஆம்ப் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், எல்லா லைட்டையும் போடச் சொல்லிக் கேளுங்கள். அந்த 'ங்ங்ங்' சத்தம் கச்சேரியில் யார் காதிலும் விழாது, ஆனால் ஆல்பத்தின் ஒவ்வொரு அமைதியான இடத்திலும் வந்து நிற்கும்.

4. ஒவ்வொரு மைக்கும் தனி ட்ராக்

சவுண்டு வாடகைக்குப் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எல்லா சேனலையும் தனித்தனியாகப் பதிவு செய்ய முடியுமா?" பெரிங்கர் எக்ஸ்32, மைடாஸ் எம்32 மாதிரி டிஜிட்டல் மிக்ஸர் என்றால் யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் 32 ட்ராக் எடுக்கலாம். எக்ஸ்-லைவ் கார்டு பொருத்தியிருந்தால் லேப்டாப்பே வேண்டாம், இரண்டு எஸ்டி கார்டுகளில் நேரடியாக விழும்.

இடக் கணக்கு: எக்ஸ்-லைவ் கார்டில் 48 கிலோஹெர்ட்ஸில் 32 ட்ராக் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 370 எம்பி. ஒரு 32 ஜிபி கார்டு 85 நிமிடத்தில் நிரம்பும். எங்கள் கச்சேரி 110 நிமிடம், இரண்டாவது கார்டு போட்டிருந்ததால் பிழைத்தோம். லேப்டாப் என்றால் 24 பிட், 24 ட்ராக், இரண்டு மணி நேரத்துக்கு 25 ஜிபி ஆகும். லேப்டாப்பில் வைஃபை, அப்டேட், ஸ்லீப் எல்லாவற்றையும் அணையுங்கள், யுபிஎஸ்ஸில் இணையுங்கள்.

பதிவுக்குப் போகும் ஒலி ஃபேடருக்கும் (சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) ஈக்யூவுக்கும் (பாஸ், ட்ரெபிளைத் திருத்துவது) முன்பே பிரிந்து போக வேண்டும். இல்லையென்றால் மேடை சவுண்டுக்காரர் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உங்கள் ஆல்பத்தில் பதிவாகும். கெயின் (மைக் ஒலியை மிக்ஸர் உள்வாங்கும் அளவு) வைக்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். கூட்டத்தைப் பார்த்ததும் ட்ரம்மர் சவுண்ட்செக்கைவிடப் பலமாக அடிப்பார், எல்லா ட்ரம்மரும் அப்படித்தான். பதிவு ஒருமுறை வெடித்துவிட்டால் மீட்க முடியாது. மெதுவாக விழுந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கான மைக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேடையின் இரு ஓரத்திலும் ஆளைப் பார்த்தபடி ஒரு ஜோடி கண்டென்சர் மைக், முடிந்தால் ஹாலின் பின்பக்கம் இன்னொரு ஜோடி. இவை பதிவுக்கு மட்டும் போக வேண்டும். ஸ்பீக்கருக்கு அனுப்பினால் அலறும். கூட்டம் கூடவே பாடுகிற அந்த நேரம் இல்லையென்றால் லைவ் ஆல்பம் எதற்கு?

பாடகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பார்க்க கம்பீரமாக இருக்கும், ஆனால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும், குரலோடு சிம்பலும் உள்ளே வந்துவிடும். ட்ரம்ஸுக்கு நேர் முன்னால் நிற்பதையும் தவிருங்கள். ஓரடி பக்கவாட்டில் தள்ளி நின்றதிலேயே எங்களுக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது.

மைக் செட்டும் டிஜிட்டல் மிக்ஸரும் சேர்த்து 35,000 ஆனது, பதிவை மட்டும் கவனிக்க ஓர் ஆளுக்கு 12,000. இந்த ஆளை மிச்சம் பிடிக்காதீர்கள். மேடை சவுண்டைப் பார்ப்பவர் அதையே பார்க்கட்டும்.

5. கச்சேரி நாள்

காலை பத்து மணிக்கு ஹால் கையில் இருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குள் சவுண்ட்செக், நான்கு வரை முழு ஒத்திகைப் பதிவு. அதை உடனே ஹெட்போனில் சேனல் சேனலாகக் கேளுங்கள். எங்களுக்கு அப்போதுதான் கீபோர்டின் வலது கேபிள் விட்டுவிட்டு வருவது தெரிந்தது.

ரிக்கார்டிங்கை முதல் பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே ஓடவிடுங்கள், கூட்டம் கலைந்து ஐந்து நிமிடம் கழித்து நிறுத்துங்கள். ஆள் நிறையும் சலசலப்பு, முதல் கூச்சல், வெறும் ஹாலின் அமைதி எல்லாமே மிக்ஸிங்கில் (எல்லா ட்ராக்கையும் ஒன்றாகக் கலப்பதில்) தேவைப்படும். டிக்கெட்டிலும் வாசலிலும் "இந்நிகழ்ச்சி பதிவு செய்யப்படுகிறது" என்று போட்டுவிடுங்கள்.

இரவு ஹாலை விட்டுக் கிளம்பும்முன் இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, இரண்டு பேர் வீட்டுக்குப் போகட்டும். எல்லாம் ஒரே வண்டியில் வேண்டாம். எஸ்டி கார்டை ஆல்பம் வெளியாகும்வரை அழிக்காதீர்கள்.

6. மிக்ஸிங், மாஸ்டரிங் (ஆறு வாரம்)

முதல் ஒரு வாரம் கேட்காதீர்கள். மேடை ஞாபகம் மங்கட்டும், அப்புறம் உட்கார்ந்து பாடலைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் பாடிய 14 பாடல்களில் ஒன்பதுதான் ஆல்பத்தில்.

தவறிய வரியை ஸ்டுடியோவில் மறுபடி பாடி ஒட்டலாம் என்று நினைப்பீர்கள். ஒட்டாது. பழைய வரி ட்ரம்ஸ் மேலிருக்கும் மைக்கிலும் கூட்டத்தின் மைக்கிலும் ஆவி மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும். மதிய ஒத்திகை உதவுவது இங்கேதான். அதே ஹால், அதே மைக், அதே நாள் குரல் என்பதால் அங்கிருந்து முழுத் துண்டை எடுத்து எல்லா ட்ராக்கோடும் சேர்த்து மாற்றலாம். ட்ரம்மர் காதில் கிளிக் (தாள வேகத்தைக் காட்டும் டிக் டிக் ஒலி) ஓடியிருந்தால்தான் வேகம் பொருந்தும். நாங்கள் இப்படி இரண்டு இடங்களைச் சரிசெய்தோம். ஓர் இடத்தில் என் குரல் உடைந்ததை அப்படியே விட்டோம், அந்த இடத்தில் கூட்டம் என்னைத் தாங்கிப் பாடியிருந்தது. இன்றுவரை எல்லோரும் சொல்வது அந்தப் பாட்டைத்தான்.

கூட்டத்தின் மைக்கில் ஒலி தாமதமாகத்தான் வந்து சேரும், பத்து மீட்டருக்குச் சுமார் 29 மில்லிசெகண்ட். அதை நகர்த்திப் பொருத்தாவிட்டால் எல்லாமே குகைக்குள் வாசித்த மாதிரி இருக்கும். என்ஜினியருக்குத் தெரியும்தான், இருந்தாலும் மைக் மேடையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து எழுதிக் கொடுங்கள்.

இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் பேச்சை முந்தைய ட்ராக்கின் கடைசியில் சேருங்கள். அடுத்த பாட்டின் தொடக்கத்தில் வைத்தால், அதைத் தனியாகப் போடுபவர் ஒவ்வொரு முறையும் உங்கள் நன்றியுரையைக் கேட்க வேண்டும். வெட்டும் இடத்தில் ஃபேட் (ஒலியை மெல்ல மங்கவிடுவது) வேண்டாம், கைதட்டல் தொடரட்டும். மாஸ்டரிங் எனும் கடைசி மெருகு முடிந்த ஃபைல் வாவ் அல்லது ஃப்ளாக்காக இருக்கட்டும், எம்பி3 கொடுத்தால் நடுவில் சிறு இடைவெளி விழும்.

சத்தத்தை ரொம்ப ஏற்ற வேண்டாம். ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதில் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைத்துத்தான் ஒலிக்கவிடும். சத்தம் ஏறுவதற்காக நசுக்கினால் கைதட்டல்தான் முதலில் கெடும். எங்களுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் மிக்ஸிங் 5,000, மாஸ்டரிங் 2,000 ஆனது. எத்தனை திருத்தம் வரை அதே தொகை என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

7. வெளியீடு (நான்கு வாரம்)

டிஸ்ட்ரிபியூட்டர் தேர்வில் ஒரு கேள்வி முக்கியம்: ஆண்டுக் கட்டணமா, ஒருமுறைக் கட்டணமா? ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் ஆல்பம் தளங்களிலிருந்து இறங்கிவிடும் இடங்களும் உண்டு.

ஒவ்வொரு பாடலுக்கும் 12 எழுத்து, எண் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு (அந்தப் பதிவின் அடையாள எண்) வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டரே தருவார். ஸ்டுடியோ பாடலின் பழைய குறியீட்டை லைவ் பாடலுக்குப் போட்டுவிடாதீர்கள், இது வேறு பதிவு. பெயருக்குப் பின் 'லைவ்' என்று பதிப்புக் குறிப்பும் சேருங்கள். குறியீடுகளைக் குறித்து வையுங்கள், பின்னால் டிஸ்ட்ரிபியூட்டர் மாறினால் அதையே கொடுக்க வேண்டும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம்.

ஸ்பாட்டிஃபையின் எடிட்டர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு அனுப்பியிருக்க வேண்டும். ஆல்பம் அதற்குள் தளத்தில் வந்து சேரவே நாளாகும் என்பதால் நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள்.

பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. செய்தால் படிவம் 14, ஒலிப்பதிவுக்குக் கட்டணம் 2,000 ரூபாய், ஆட்சேபணைக்கு 30 நாள் காத்திருப்பு. இரண்டாம் படியில் வாங்கிய கையெழுத்துகள் இங்கேயும் உதவும்.

8. வரவு செலவு

நாங்கள் செலவழித்தது: ஹால் 25,000, சவுண்டு 35,000, பதிவு ஆள் 12,000, மிக்ஸிங் 45,000, மாஸ்டரிங் 18,000, ஜாம் ரூம் (ஒத்திகை அறை) 18,000, கார்டும் ஹார்ட் டிஸ்கும் 9,000, அட்டைப்படம் 6,000, வண்டி சாப்பாடு 10,000. மொத்தம் 1,78,000. வக்கீலும் டிஸ்ட்ரிபியூட்டரும் இதில் சேரவில்லை. 299 ரூபாய் டிக்கெட் 180 விற்றதில் 53,820 வந்தது. மீதியை ஐந்து பேரும் பகிர்ந்துகொண்டோம்.

அமெரிக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் கணக்குத் தொடங்கியவுடன் டபிள்யூ-8பென் (அமெரிக்கர் அல்லாதவர் கொடுக்கும் வரிப் படிவம்) படிவத்தைப் பான் எண்ணோடு நிரப்புங்கள். அங்கே ஈட்டிய ராயல்டியில், படிவம் இல்லாவிட்டால் 30 சதவீதம் பிடிப்பார்கள், இருந்தால் ஒப்பந்த விகிதமான 15 சதவீதம். பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி ஒவ்வொரு பாடலையும் பதிவு செய்ய வேண்டும். அந்த ராயல்டி டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வராது, தனியாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

எங்களுக்கு முதல் கணக்கு வெளியீட்டுக்கு மூன்று மாதம் கழித்து வந்தது. தொகை சின்னதுதான். கையெழுத்துத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அதில் எழுதியிருந்த சதவீதப்படி அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம், வெளிநாட்டில் இருந்த கிட்டார்காரருக்கும் சேர்த்து.